பழைய சுவிஸ் இராணுவத் துவக்கு: கட்டையைப் பார்ப்பதா, குழலைப் பார்ப்பதா?

ஆர்காவ் மாநிலத்தில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "இங்கேயே பிறந்து வளர்ந்தவன், சுவிஸ் குடியுரிமை இருக்கிறது, கட்டாய இராணுவப் பயிற்சியும் முடித்துவிட்டேன். முதல் தடவையாக ஒரு பழைய இராணுவத் துவக்கு வாங்க ஆசை. மூன்று கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று கே 31 என்ற 1931 மாடல் துவக்கு, மரக்கட்டைக்குப் புதிதாக மெருகு ஏற்றிப் பளபளவென்று இருக்கிறது. இன்னொன்றும் கே 31தான், ஆனால் அடிக்கட்டை கறுத்து, குழி விழுந்து, பார்க்கவே பாவமாக இருக்கிறது. மூன்றாவது 1889 மாடல், நீளமானது, விலையும் குறைவு. எதை எடுக்கலாம்? நிலைமையை எப்படி மதிப்பிடுவது?"

தம்பி, அந்தப் பாவமாக இருக்கும் கே 31ஐ முதலில் போய்ப் பாருங்கள். குழலும் எண்களும் சரியாக இருந்தால் அதையே எடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு இந்தத் துவக்குகள் யாருடைய கையில், எப்படி இருந்தன என்று தெரிய வேண்டும். அது தெரிந்துவிட்டால் மதிப்பிடுவதில் பாதி வேலை முடிந்தது.

மற்ற நாடுகளின் பழைய இராணுவத் துவக்குகள் பெரும்பாலும் ஆயுதக் கிடங்குகளில் கிடந்தவை. போருக்குப் போய், பிடிபட்டு, பிரித்து, வேறு வேறு பாகங்களை வைத்துத் திரும்பப் பூட்டப்பட்டு வந்தவை நிறைய. சுவிஸ் கதை வேறு. ஆயுதம் படைவீரனின் கையிலேயே இருக்கும் என்று 1874 அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். ஒரு விவசாயியோ, தச்சரோ, பள்ளி ஆசிரியரோ தன் துவக்கை வீட்டு அலமாரியில் வைத்திருப்பார். வருடத்தில் சில வாரம் அதைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்குப் போவார், திரும்பி வருவார், துடைத்து வைப்பார். பல வருடத்துக்கு ஒரே துவக்கு, ஒரே ஆள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தத் துவக்கில் எது தேய்ந்திருக்கும்? மலைப்பாதையில் ஊன்றுகிறார்கள், பனியிலும் சேற்றிலும் அடிப்பக்கத்தைக் குத்தி நிறுத்துகிறார்கள், இரும்பாணி அடித்த சப்பாத்துகள் மோதுகின்றன. ஈரம் கீழிருந்து மரத்துக்குள் ஏறுகிறது. அதனால்தான் கே 31இன் அடித்தகட்டுக்கு, அதாவது கட்டையின் அடியில் பூட்டிய இரும்புத் தகட்டுக்கு மேலே ஒரு சாண் அளவுக்கு மரம் கறுத்து, குத்துப்பட்டு இருக்கிறது. ஆனால் சுடுவது? சேவையில் இருந்தவர் வருடா வருடம் 300 மீட்டர் மைதானத்தில் கட்டாயச் சூட்டுப் பயிற்சியை முடிக்க வேண்டும். அதற்கு இன்று 20 தோட்டாதான். வயல்வெளிச் சூட்டு விழாவுக்கும் போனால் இன்னொரு 18. அதற்கு மேல் ஆர்வம் இல்லாத ஒருவரின் துவக்கு, முழுச் சேவைக்காலத்திலும் அதிகம் தோட்டா பார்த்திருக்காது. அதாவது மரம் முதுமை அடைந்திருக்கும், குழல் இளமையாகவே இருக்கும்.

மறுபக்கமும் உண்டு. ஆர்வமான சூட்டுக் கழக உறுப்பினர் வாராவாரம் மைதானத்துக்குப் போவார், வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுடுவார். அவருடைய துவக்கு பனியைப் பார்க்காது, உறையில் போய் உறையில் வரும். கட்டை அப்படியே புதிதுபோல் இருக்கும், குழலின் தொண்டைப்பகுதி தேய்ந்திருக்கும். இந்த இரண்டு வாழ்க்கையும் ஒரே மாடலில், ஒரே வருடத்துத் துவக்குகளில் கிடைக்கின்றன. வெளித்தோற்றத்தை வைத்து உள்ளே இருப்பதை ஊகித்தால் பல நேரம் நேர் எதிராகத்தான் முடியும்.

சரி, கே 31 என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுச் சோதனைக்கு வருகிறேன். பேர்ண் நகரில் இருந்த கூட்டாட்சி ஆயுதத் தொழிற்சாலையில் கேணல் அடோல்ஃப் ஃபூரரின் தலைமையில் வடிவமைத்தது. 1933 தொடங்கி 1958 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். வரிசை எண்கள் 500001இல் தொடங்குகின்றன. தோட்டாவை உள்ளே தள்ளி அறையை அடைக்கும் போல்டைத் திருகாமல் நேராகப் பின்னுக்கு இழுத்து, நேராக முன்னுக்குத் தள்ளும் முறை. கைப்பிடியோடு சேர்ந்த தண்டில் இருக்கும் முனை, போல்ட் உறையில் வெட்டிய சுருள் பள்ளத்தில் ஓடும்போது உறை தானாகச் சுழன்று பூட்டிக்கொள்கிறது. பழைய மாடல்களில் பூட்டும் காதுகள் பின்னால் தள்ளி இருந்தன. ஃபூரர் அவற்றை முன்னுக்கு, தோட்டா அறைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்தார். அதனால் ரிசீவர், அதாவது போல்ட் ஓடும் இரும்பு உடல், குட்டையானது. முந்திய கே 11இன் மொத்த நீளத்தை மாற்றாமலேயே குழலை 592 மி.மீட்டரில் இருந்து 652 மி.மீட்டருக்கு நீட்ட முடிந்தது. அழகான வேலை. கையில் எடுத்து ஒரு தடவை போல்டை ஓட்டினால் உங்களுக்கே புரியும்.

இப்போது சோதனை. விற்பவர் என்ன சொன்னாலும் முதலில் நீங்களே மேகசினைக் கழற்றி, போல்டைத் திறந்து, தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து வெறுமை என்று உறுதி செய்யுங்கள். அப்புறம் வலப்பக்கம் இருக்கும் பொத்தானை அழுத்தி போல்டை முழுவதும் வெளியே எடுங்கள். குழலை எப்போதும் பின்பக்கத்தில் இருந்து, மறுமுனையில் வெளிச்சம் வைத்துப் பாருங்கள். பார்ப்பதற்கு முன் ஒரு துணியை இழுத்துத் துடைக்கக் கேளுங்கள். இது முக்கியம். தடிப்பாகக் கிரீஸ் பூசிய குழல் எல்லாமே கண்ணாடி மாதிரி மின்னும். கிரீஸுக்கு அடியில் துருக்குழி இருந்தால் தெரியாது. துடைக்க விடமாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

துடைத்த குழலில், குண்டைச் சுழல வைக்கும் நான்கு புரிகள் கூரான ஓரத்தோடு, முனையிலிருந்து முனைவரை ஒரே மாதிரி ஓட வேண்டும். மங்கலான சாம்பல் படலம் லேசாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது சூட்டைப் பெரிதாகப் பாதிக்காது. பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. தோட்டா அறை முடிந்து புரி தொடங்கும் தொண்டை: அங்கே புரியின் ஓரம் மழுங்கி, பாம்புத்தோல் மாதிரி வெடிப்பு இருந்தால் நிறையச் சுட்ட குழல். நடுக்குழலில் கறுப்பு வளையம்: ஏதோ அடைத்திருந்தபோது யாரோ சுட்டிருக்கிறார், குழல் அந்த இடத்தில் வீங்கியிருக்கிறது. வெளியே விரலை ஓட்டினாலும் மேடு தட்டுப்படலாம். அதைத் தொடவே வேண்டாம். மூன்றாவது குழல்வாய். முன்பக்கத்தில் இருந்து துப்புரவுக்கோலை விட்டு விட்டு எடுத்தால் வாயின் ஒரு பக்கம் தேய்ந்து முட்டை வடிவம் ஆகும். குறி தவறுவதற்கு அந்தக் கடைசி ஓரமும் ஒரு முக்கியக் காரணம். பூதக்கண்ணாடி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

கே 31களில் மோசமான குழல் அரிதாகத்தான் கிடைக்கும். அதற்கு ஒரு காரணம் தோட்டா. ஜிபி 11 என்ற 7.5 மி.மீ. இராணுவத் தோட்டா, 11.3 கிராம் எடையுள்ள, வால்பக்கம் சிறுத்த குண்டு, வினாடிக்கு 780 மீட்டர் வேகம். துல்லியத்தில், இது இராணுவத் தோட்டாவா என்று வியக்கும் அளவுக்கு உயர்ந்த தரம். அதன் பிரைமரில், அதாவது அடியில் தீ மூட்டும் பகுதியில், உப்பு எச்சம் விடுகிற சரக்கு இல்லை. பல நாட்டுப் பழைய துவக்குகளின் குழல் துருப்பிடித்ததற்குக் காரணமே, சுட்ட பிறகு தங்கும் அந்த உப்பு ஈரத்தை இழுப்பதுதான். இங்கே அந்தப் பிரச்சினை இல்லை, துடைக்கிற பழக்கம் உள்ள நாடும்கூட.

அடுத்து எண்கள். ரிசீவர், போல்ட், மேகசின் மூன்றிலும் எண் ஒன்றா என்று பாருங்கள். சுவிஸ் துவக்குகளில் எண் பொருந்துவது சாதாரணம், பொருந்தாததுதான் விசேஷம். ஒரே ஆளிடம் இருந்த பொருளின் போல்ட் எப்படி மாறும்? மேகசின் மட்டும் மாறியிருந்தால் பெரிய விஷயம் இல்லை, எங்காவது தொலைத்திருப்பார். போல்ட் மாறியிருந்தால் சேகரிப்பு மதிப்புக் குறையும். அதோடு துவக்குத் திருத்துநர் ஒருவர் அளவுகோல் வைத்து, தோட்டா உட்காரும் இடைவெளி சரியா என்று பார்க்கும் வரை சுடவும் கூடாது.

குழலின் பின்பகுதியில், ரிசீவர் பக்கமாக, இலத்தீன் 'பி' எழுத்து ஒன்று அடித்திருக்கிறதா என்று தேடுங்கள். சேவை முடிந்தபோது படைவீரருக்கே சொந்தமாகக் கொடுத்த துவக்கு என்பதற்கான அடையாளம் அது. சிலர் அதைக் குறையாகப் பேசி விலை குறைக்கப் பார்ப்பார்கள். எனக்கு அது நல்ல செய்தி. அந்தத் துவக்கு இராணுவக் கணக்கில் இருந்து நேராக, நேர்மையாக ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறது என்று சொல்கிறது.

மரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியே அதில்தான் நிற்கிறது. 1946 வாக்கு வரை கட்டைகள் வால்நட் மரத்தில். அதன் பிறகு பீச் மரம். பீச் வெளிறிய மரம், குத்துப்பட்டால் பளிச்சென்று தெரியும், ஈரம் ஏறினால் கறுக்கும். உங்களுடைய இரண்டாவது துவக்கு பீச் கட்டையாக இருந்தால் அந்தக் கறுப்பு நூற்றுக்கு நூறு இயல்பானது. விரல் நகத்தால் கறுத்த இடத்தை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் அது வெறும் நிறம். மெத்தென்று உள்ளே போனால்தான் மரம் உக்கியிருக்கிறது. வெடிப்பு இருக்கிறதா என்று ரிசீவருக்குப் பின்னால், கை பிடிக்கும் ஒடுங்கிய இடத்திலும், மேகசின் துளையின் மூலைகளிலும் பாருங்கள். கட்டையை இரண்டு கையாலும் பிடித்து லேசாக முறுக்கினால் வெடிப்பு வாய் திறக்கும். ரிசீவருக்குப் பின்னே மரம் கறுத்து, எண்ணெய் ஊறி, மென்மையாகிக் கிடந்தால் யாரோ வருடக்கணக்காக அதிகம் எண்ணெய் விட்டு நிமிர்த்தி வைத்திருக்கிறார். அது பனிக் கறுப்பைவிட மோசம்.

பளபளக்கும் முதல் துவக்கை ஏன் சந்தேகப்படச் சொல்கிறேன்? மெருகு ஏற்றுவதற்கு முன் யாராவது உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்திருப்பார்கள். மரமும் இரும்பும் சந்திக்கும் இடத்தில் இது உடனே தெரியும். தொழிற்சாலையில் மரம் இரும்பின் மட்டத்துக்குச் சமமாகவோ, ஒரு மயிரிழை உயர்ந்தோ நிற்கும். தேய்த்த கட்டையில் மரம் தாழ்ந்து, அடித்தகட்டின் விளிம்பு வெளியே துருத்தும், விரலில் இடறும். கூராக இருக்க வேண்டிய விளிம்புகள் உருண்டிருக்கும். மரத்தில் அடித்த சின்னங்கள் மங்கியோ, காணாமலோ போயிருக்கும். போன மரம் திரும்ப வராது. கறுப்பும் குழியும் ஐம்பது வருடத்தில் உண்டானவை, ஒருவர் அரைநாளில் அவற்றை அழித்து, அதற்கு மேலே விலையும் கூட்டிக் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தழும்புகளோடு சேர்த்துத்தான் அது அந்தத் துவக்கு.

இரும்புக்கும் இதே கதை. நீலப்பூச்சு மங்கி, பிடிக்கும் இடத்தில் வெள்ளையாகத் தேய்ந்திருந்தால் அது வயது. மொத்தமாகக் கறுகறுவென்று ஒரே சீராக இருந்து, எண்களின் ஓரமும் ரிசீவரில் உள்ள சுவிஸ் சிலுவையின் ஓரமும் மழுங்கியிருந்தால், தேய்த்து மறுபடி பூசியிருக்கிறார்கள். இராணுவப் பட்டறையே செய்த திருத்தம் வேறு. அவர்கள் குழலை மாற்றினார்கள், கட்டையில் மரத்துண்டு பதித்தார்கள், எல்லாம் அளவாக, சுத்தமாக இருக்கும். அந்தத் திருத்தங்களும் வரலாறுதான். இதற்கு நல்ல உதாரணம் 96/11. பழைய 1896 மாடலை எடுத்து, புதிய தோட்டாவுக்கு ஏற்றபடி குழலை மாற்றி, கட்டையின் கைப்பிடிக்கு அடியில் ஒரு மரத்துண்டைச் சேர்த்துப் பிடி வளைவு உண்டாக்கினார்கள். முதல் முறை பார்க்கிறவர் "கட்டை உடைந்து ஒட்டியிருக்கிறது" என்று நினைத்துவிட்டுப் போவார். அந்த ஒட்டு இருப்பதுதான் சரி. ஆரம்பத்திலேயே 1911 மாடலாகச் செய்த நீளத் துவக்கில் அந்த ஒட்டு இருக்காது.

விசையும் பூட்டும். பின்னால் இருக்கும் வளையத்தை இழுத்து வலப்பக்கம் திருப்பினால் பாதுகாப்பு நிலை. அந்த நிலையில் விசையை இழுங்கள், ஒன்றும் நடக்கக் கூடாது. பிறகு வளையத்தைத் திரும்பக் கொண்டுவரும்போதும் ஊசி தானாக விடுபடக் கூடாது. கே 31இன் விசை இரண்டு கட்டமாக இழுபடும். முதல் கட்டம் லேசாக வந்து, ஒரு தடை தெரிந்து, அப்புறம் கண்ணாடி முறிவதுபோல் சுத்தமாக விடும். அந்தத் தடை தெரியாவிட்டால் யாரோ உள்ளே அரத்தை வைத்திருக்கிறார்.

1889 மாடலைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உடம்புக்கு ஆபத்து இருக்கிறது. கேணல் ருடோல்ஃப் ஷ்மிட் துவக்கையும், தூண் நகரத் தோட்டாத் தொழிற்சாலையில் இருந்த எடுவார்ட் ரூபின் தோட்டாவையும் வடிவமைத்தார்கள். செப்பு உறை போட்ட சிறு விட்டக் குண்டை 1880களின் தொடக்கத்திலேயே முயன்று பார்த்தவர் ரூபின், அதனால் இந்தத் துவக்குக்கு ஆயுத வரலாற்றில் பெரிய இடம் உள்ளது. விசைக்கு முன்னால் தொங்கும் 12 தோட்டா மேகசின், நீண்ட ரிசீவர், மெல்லிய உடல், பார்க்க அவ்வளவு நேர்த்தி. ஆனால் பூட்டும் காதுகள் போல்ட் உறையின் ஆகப் பின்பகுதியில் இருக்கின்றன. சுடும்போது அழுத்தம் முழு நீளத்தையும் இழுக்கும், ரிசீவர் வளைந்து கொடுக்கும். அக்காலத்து 7.5 x 53.5 தோட்டாவுக்கு (குண்டின் விட்டமும் தோட்டா உறையின் நீளமும், மி.மீட்டரில்) அது போதும். 1911இல் வந்த 7.5 x 55 ஜிபி 11 அதைவிட மிகவும் வலுவானது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், பெட்டியில் 7.5 என்று இருப்பதைப் பார்த்துச் சிலர் போட்டுவிடுகிறார்கள். 1889இல் ஜிபி 11ஐச் சுடவே கூடாது. "நான் சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று விற்பவர் சொன்னால் அந்தத் துவக்கு ஏற்கனவே எவ்வளவு வருந்தியிருக்கிறது என்று மட்டும் கணக்குப் போடுங்கள்.

சுவரில் வைக்க, வரலாறு படிக்க, போல்டின் வடிவமைப்பு எப்படி வளர்ந்தது என்று கே 31 பக்கத்தில் வைத்து ஒப்பிட, 1889 அருமையான பொருள். விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் தரக்குறைவு அல்ல, தோட்டா கிடைக்காததுதான். முதல் துவக்காக வேண்டாம், இரண்டாவதாக வாங்குங்கள். இன்னும் பழைய வெட்டர்லிக்கும் இதுவே பொருந்தும். 1869இல் ஏற்றுக்கொண்ட அந்தத் துவக்கின் 10.4 மி.மீ. விளிம்படித் தோட்டா (அடியின் விளிம்பில் ஊசி அடித்து வெடிப்பது) இன்று சேகரிப்புப் பொருள்.

குறிபார்க்கும் தொலைநோக்கி பொருத்திய துவக்கு என்று யாராவது பெரிய விலை சொன்னால் நிதானம். 31/42, 31/43 மாடல்களில் தொலைநோக்கி இடப்பக்கத்தில், தலை மடங்கும் விதமாக, துவக்கோடு சேர்ந்தே இருக்கும். 1955 மாடலில் உங்கள் ஊர்ப்பக்கமான ஆராவ் நகரின் கேர்ன் நிறுவனத் தொலைநோக்கி, ரிசீவரே கட்டைக்குள் சாய்ந்து உட்கார்ந்திருக்கும், முன்னால் தாங்குகால். சாதாரண கே 31இல் பிற்காலத்தில் துளை போட்டுத் தொலைநோக்கி வைத்தது இவற்றில் எதுவும் ஆகாது. துளை போட்ட துவக்கின் சேகரிப்பு மதிப்புப் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்குச் சுடுகிறவர்கள் சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் துளைக்குறியை, துவக்கில் துளையிடாமல் இறுக்கிப் பூட்டி வைப்பார்கள். அதைக் கழற்றினால் பழைய நிலை திரும்பும், அதனால் குறையில்லை.

இனி எல்லோரும் ஆசையோடு பேசும் விஷயம். கே 31இன் அடித்தகட்டை இரண்டு திருகாணிகள் பிடித்திருக்கின்றன. அதைக் கழற்றினால் சில துவக்குகளில் ஒரு சிறு காகிதச் சீட்டு இருக்கும். அதை வைத்திருந்த படைவீரரின் பெயர், பிறந்த வருடம், ஊர், படைப்பிரிவு எல்லாம் எழுதியோ தட்டச்சு செய்தோ வைத்தது. 1990களின் கடைசியில் அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாக கே 31 போனபோது, அங்குள்ளவர்கள் இந்தச் சீட்டுகளை வைத்து ஆட்களைத் தேடிக் கடிதம் எழுதினார்கள். சிலருக்குப் பதிலும் வந்தது. சீட்டு இருந்தால் மதிப்புக் கூடும். ஆனால் மதிப்புக்கு அப்பாலும் அது பெரிய விஷயம். 1940இல் சுவிஸ் படைகளின் தலைவர் ஜெனரல் கிசான் அதிகாரிகளை ரூத்லி புல்வெளிக்குக் கூப்பிட்டு, ஆல்ப்ஸ் மலைகளுக்குள் நின்று நாட்டைக் காக்கும் மலைக்கோட்டைத் திட்டத்தைச் சொன்ன கோடையில், இதே கே 31ஐத் தோளில் போட்டுக்கொண்டு எங்கோ ஒரு கணவாயில் நின்ற ஒரு மனிதர் உங்களுக்குப் பெயரோடு கிடைக்கிறார். விற்பவரிடம் அனுமதி கேட்டுத்தான் கழற்றுங்கள், திருகாணியின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி கொண்டு போங்கள். திருகாணித் தலை ஏற்கனவே பிய்ந்திருந்தால் யாரோ முன்பே பார்த்துவிட்டார். சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். அந்தப் பெயரை ஊரறியப் போட வேண்டாம். அவரோ, பிள்ளைகளோ இருக்கலாம்.

சட்டம். கே 31 கையால் இயக்கும் துவக்கு என்பதால் ஆயுதம் வாங்கும் அனுமதிப் பத்திரம் தேவையில்லை, எழுத்து ஒப்பந்தம் போதும். அடையாள அட்டையைக் காட்டி, இருவரும் கையெழுத்திட வேண்டும், விற்பவர் ஒரு பிரதியை 30 நாளுக்குள் மாநில ஆயுத அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், உங்கள் பிரதியைப் பத்து வருடம் வைத்திருக்க வேண்டும். 1889க்கும் இதே நடைமுறைதான். பழம்பொருள் என்று சட்டம் விலக்குவது 1870க்கு முன் செய்தவற்றை மட்டும். நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சில நாடுகளின் குடிமக்கள் ஆயுதம் வாங்குவதையும் வைத்திருப்பதையும் சுவிஸ் ஆயுத ஒழுங்குவிதி தடைசெய்கிறது, அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. உங்களுக்குச் சுவிஸ் குடியுரிமை இருப்பதால் அது தடையில்லை. ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டு மட்டுமே உள்ள அண்ணனோ மச்சானோ கூட வந்து "நானும் ஒன்று எடுக்கிறேன்" என்றால் முடியாது, உங்கள் பெயரில் வாங்கி அவர்களிடம் கொடுக்கவும் கூடாது. வீட்டில் பூட்டி வையுங்கள், தோட்டாவைத் தனியாக வையுங்கள்.

கூட வரும் சாமான்களுக்கு ஒரு வார்த்தை. துவக்கின் முனையில் மாட்டும் பயோனெட் கத்தியைத் தனியாகப் பேரம் பேசுங்கள். கே 31க்குப் பொருந்தும் 1918 மாடல் கத்திகளில் சில, ஷ்வீட்ஸின் எல்சனர் குடும்பப் பட்டறையில் செய்தவை. இன்று விக்டோரினாக்ஸ் என்று உலகம் அறிந்திருக்கும் அதே பட்டறை. குழல்வாய் மூடி, தோல்வார், எண்ணெய்க் குப்பி எல்லாம் சேர்ந்திருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தேடிக் கண்டுபிடிக்கலாம். அதற்காகக் குழலில் சமரசம் செய்ய வேண்டாம். நேரம் கிடைத்தால் பேர்ண் நகரிலுள்ள சுவிஸ் சூட்டு அருங்காட்சியகத்துக்கோ, மோர்ஜ் கோட்டையிலுள்ள இராணுவ அருங்காட்சியகத்துக்கோ போய், கை வைக்காத துவக்குகளின் மரமும் இரும்பும் எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்குங்கள்.

வாங்கிய பிறகு கட்டையைக் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், வார்னிஷ் பூசாதீர்கள். காய்ந்த துணியால் துடைத்து, இரும்புக்கு மட்டும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. படுக்க வைத்தோ, குழல்வாய் கீழே இருக்கும்படியோ வையுங்கள், எண்ணெய் மரத்துக்குள் இறங்காது.

போகும் முன் உங்கள் ஊர்ச் சூட்டுக் கழகத்தில் விசாரித்து, கே 31 தெரிந்த மூத்தவர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். விற்பவர் சம்மதித்தால் இரண்டு கே 31களையும் மைதானத்துக்குக் கொண்டுவந்து, ஜிபி 11இல் துவக்குக்குப் பத்துத் தோட்டா 300 மீட்டரில் சுட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரி இலக்கு, துவக்கைச் சாய்த்து வைக்க ஒரே தாங்கி, முதல் இரண்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். பளபளக்கும் துவக்கு நன்றாகக் குவித்துச் சுட்டு, கறுத்தது சிதறினால் நான் மேலே சொன்னதை விட்டுவிட்டு இலக்குத்தாள் சொல்வதைக் கேளுங்கள். ஆனாலும் விலையில் அந்தத் தேய்த்த கட்டைக்கு ஒரு கழிவு கேட்க மறக்காதீர்கள்.